காணாமல் போன முப்பத்துநாலு மணி நேரம்

மில்லி என்பது அவள் பெயர் இல்லை, அலுவலகம் வைத்த பட்டம். கையில் எதைக் கொடுத்தாலும் மில்லிகிராம் வரைக்கும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். கம்ப்யூட்டர் சாமான்களைச் சோதித்து எழுதும் இணைய இதழ் ஒன்றில் மவுஸ் பத்தி அவளுடையது. கேம் ஆடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கடைக்கே போவார்கள். ஆறு வருஷமாகப் பெற்ற பிள்ளை மாதிரி அந்தப் பத்தியை வளர்த்துவந்தாள்.

அப்பேர்ப்பட்டவள் போன மாதம் சறுக்கினாள். ஒயர் இல்லாத மவுஸின் வயிற்றில், கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவரை வைத்துக்கொள்ள ஒரு பொந்து இருக்கும். அந்த ரிசீவரை வெளியே எடுக்காமலே மவுஸை எடை போட்டு, 'சொன்னதைவிட இரண்டு கிராம் கூடுதல், இது ஏமாற்று வேலை' என்று வெளுத்து வாங்கிவிட்டாள். வாசகர்கள் விடுவார்களா? பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, சத்தமே போடாமல், இன்னொரு எண் தப்பானால் மவுஸ் பத்தி ஹெட்போன்காரருக்குப் போகும், அவளுக்கு பிரிண்டர் பத்தி என்றார். பிரிண்டர் மையைப் பற்றி வருஷம் முழுக்க எழுதுவதா? ஹெட்போன்காரரோ அன்றைக்கே அவளுடைய தராசை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் புது மவுஸ் வந்து சேர்ந்தது. மூன்றே பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி, அவர்களுடைய முதல் மவுஸ். எடை நாற்பத்தொன்பது கிராம் என்று பெட்டியில் போட்டிருந்தது. ரிசீவரை எடுத்தாயா, எடுத்தாயா என்று தன்னையே மூன்று தடவை கேட்டுவிட்டு நிறுத்தாள். நாற்பத்தெட்டே முக்கால். கையில் வைத்தால் வைத்த மாதிரியே தெரியவில்லை. பட்டன்கள் பட்பட்டென்று பேசின. மேல் ஓட்டை அழுத்தினாலும் ஒரு கிறீச் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. மிச்சம் இருந்தது பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் தொண்ணூற்றைந்து மணி நேரம் ஓடும் என்று கம்பெனி மார்தட்டியிருந்தது.

பேட்டரிச் சோதனையை மில்லி எப்போதும் வீட்டில்தான் வைத்துக்கொள்வாள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம் கேம் ஆடுவாள். ஆடி முடித்ததும் அடியில் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, நோட்டில் நேரத்தைக் குறிப்பாள். மேஜைமேல் 'தொடாதீர்கள்' என்று எழுதியும் ஒட்டியிருந்தாள். இப்படிப் பத்து வேலைநாள் ஓடிற்று. பதினோராம் நாள் காலை எட்டரைக்கு, ஆட்டத்தின் நடுவில், மவுஸ் கண்ணை மூடிவிட்டது. நோட்டைக் கூட்டினால் அறுபத்தொரு மணி பத்து நிமிஷம்.

மில்லிக்குப் பகீரென்றது. தொண்ணூற்றைந்து எங்கே, அறுபத்தொன்று எங்கே? அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டுரை போயாக வேண்டும். போன மாதம் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை என்பதால் முதலில் கம்பெனிக்கே போன் போட்டாள். எடுத்தவர் அந்த மூவரில் ஒருவரான இன்ஜினியர். கோபப்படாமல் கேட்டுக்கொண்டு, மவுஸை ஒயரில் மாட்டி, கூட வந்த ஆப்பைத் திறக்கச் சொன்னார். போன தடவை சார்ஜ் ஏறியதிலிருந்து எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று மவுஸே கணக்கு வைத்திருக்குமாம். திறந்தாள். தொண்ணூற்றைந்து மணி நான்கு நிமிஷம்.

"மேடம், உங்க வீட்ல வேற யாராவது விளையாடறாங்களா பாருங்க," என்றார் இன்ஜினியர்.

யார் விளையாடுவார்கள்? கணவனுக்கு பஸ் ஓட்டும் வேலை. வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவர், வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட்டைக்கூடத் தொட மாட்டார். யூனிபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டே சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். மிச்சம் இருப்பது மாமியார். அஞ்சலகத்தில் முப்பத்தோரு வருஷம் தபாலுக்கு முத்திரை குத்தி, அந்தக் குத்தில் வலது மணிக்கட்டு தேய்ந்து, கரண்டி பிடித்தாலே முகம் சுளிக்கிறவர். அவர் எங்கே, துப்பாக்கிச் சண்டை கேம் எங்கே? மில்லி அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, கம்பெனி மவுஸ் கம்பெனிக்குச் சாதகமாகத்தானே பேசும், இந்தப் புளுகையும் சேர்த்து எழுதிக் கிழித்துவிட வேண்டியதுதான் என்று மூக்குக்கு மேல் கோபத்தோடு கிளம்பினாள். மவுஸ் சார்ஜில் கிடந்தது.

அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் பாராவைக் காரசாரமாக எழுதியும் ஆகிவிட்டது. அட்டவணை போடலாம் என்று பையைத் துழாவினால் நோட்டு இல்லை. அரக்கப்பரக்க ஓடிவந்ததில் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது மணி பதினொன்றே கால்.

கதவைத் திறந்ததுமே குரல் கேட்டது.

"இடது பக்கம் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான் பாரு, அங்க போகாத. எல்லாரும் என் பின்னாடியே வாங்க."

செருப்பைக்கூடக் கழற்றாமல் மில்லி எட்டிப் பார்த்தாள். காதில் ஹெட்போன், மூக்கில் கண்ணாடி, 'தொடாதீர்கள்' என்ற தாளுக்கு நேர் எதிரே மாமியார். வலது கை மவுஸின்மேல் இருந்தது. இருந்தது என்ன இருந்தது, வழுக்கிக்கொண்டு பறந்தது. முப்பத்தோரு வருஷம் கோணல்மாணல் கையெழுத்தில் விலாசம் படித்த கண்ணல்லவா, திரையின் மூலையில் ஒரு தலை முளைத்தால் போதும், அடுத்த நொடி அது இல்லை. ஆட்டத்தின் இதே கட்டத்தில் தானே மூன்று தடவை தோற்றது மில்லிக்கு ஞாபகம் வந்தது. கோபப்பட வேண்டியவள் வாயைப் பிளந்துகொண்டு ஆட்டம் முடியும்வரை நின்றாள். ஜெயித்தார்கள். மாமியார் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டது தெரிந்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

அவர் ஒளிக்கவில்லை. சோதனை தொடங்கிய அன்றைக்கே மேஜையைத் துடைக்கும்போது மவுஸ் கையில் பட்டதாம். சும்மா நகர்த்திப் பார்த்தாராம். அன்றிலிருந்து தினமும் இருவரும் வேலைக்குப் போனபின் ஆட்டம்தான். கூட ஆடுகிறவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகளோ, அவரைத் தலைவி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அறுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று சிரிப்பார்களே என்றுதான் வெளியில் சொல்லவில்லை.

மில்லிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. பத்தி போகப் போகும் கதையை, ஹெட்போன்காரர் வரைக்கும், அப்படியே கொட்டினாள். அத்தை ஆடினார் என்று சொல்லிவிடலாம், எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதற்கு யாரிடம் ஆதாரம் இருக்கிறது? குத்துமதிப்பாக எண் போட்டால் போன மாதக் கதைதான் திரும்பவும் நடக்கும்.

மாமியார் எழுந்து போய், சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பழைய டயரியை எடுத்துவந்தார். தேதிவாரியாக, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், நிமிஷம் பிசகாமல் பத்து நாளும் பதிந்திருந்தது. தபாலாபீஸ் பழக்கம், உள்ளே வந்தது, வெளியே போனது எதையும் நேரத்தோடு குறிக்காமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. கூட்டினார்கள். முப்பத்துமூன்று மணி ஐம்பது நிமிஷம். மில்லியின் கணக்கோடு சேர்த்தால் சரியாகத் தொண்ணூற்றைந்து மணி நேரம்.

"மவுஸ் நாலு நிமிஷம் கூட காட்டுதே அத்தை?"

"ஒருநாள் அடுப்புல பால் வச்சிருந்தேம்மா. பொங்கற சத்தம் கேட்டு ஓடினேன், ஸ்விட்ச அணைக்கல. அது நான் ஆடின நேரம் இல்லையே, அதான் எழுதல."

மில்லி அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இருவருக்குமே கையை எங்கே வைப்பது என்று கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

காரசாரமான பழைய பாரா குப்பைக்குப் போயிற்று. வீட்டிலேயே உட்கார்ந்து, நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் புதிதாக எழுதினாள். மாமியார் தனக்குத் தெரியாமல் கிட்டத்தட்ட முப்பத்துநாலு மணி நேரம் ஆடியதையும், அதனால் சின்னக் கம்பெனி ஒன்றைப் பொய்யர்கள் என்று எழுத இருந்ததையும் மறைக்கவில்லை. கடைசியில், 'தேய்ந்த மணிக்கட்டோடு இருக்கும் என் மாமியாருக்கு, இந்த மவுஸில் ஆடும்போது கை வலிக்கவே இல்லை' என்று முடித்தாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆசிரியரை ஸ்பீக்கர் போனில் பிடித்து முழுவதையும் படித்துக் காட்டினாள். மாமியார் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலில் பேசியது மாமியார்.

"கடைசி வரி தப்பு."

மில்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எது அத்தை?"

"வலிக்கவே இல்லன்னு யார் சொன்னா? முதல் மூணு நாள் வலிச்சுது. ஆபீஸ்ல பிடிச்ச பழைய மவுஸ் மாதிரி இல்ல, கொஞ்சமாத்தான், ஆனா வலிச்சுது. நாலாவது நாள்தான் வலி இல்லாம ஆடினேன்."

"டயரியில எழுதலையே நீங்க?"

"வலிய எல்லாம் எழுத உட்கார்ந்தா டயரி பத்துமா? என்ன மாதிரி கை இருக்கற யாராவது இத நம்பி வாங்கிட்டு, முதல் நாளே வலிக்குதேன்னு பயந்து தூக்கிப் போட்டுடுவாங்க. மூணு நாள் பொறுக்கணும்னு தெரிய வேண்டாமா? மாத்தும்மா."

இந்தக் கையைக் கரண்டியோடும் துடைப்பத்தோடும் மில்லி தினமும் பார்த்திருக்கிறாள். எத்தனையோ மவுஸை மில்லிகிராம் வரைக்கும் நிறுத்திருக்கிறாள். எந்த நாளில் வலித்தது, எந்த நாளில் நின்றது என்று அத்தையிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. வரியை அழித்துவிட்டு, 'முதல் மூன்று நாள் கொஞ்சம் வலித்தது. நான்காம் நாள் வலி இல்லாமல் ஆடினார்' என்று அடித்தாள்.

போனுக்குள்ளிருந்து ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.

"பத்தி உங்களுதுதான் மில்லி. ஆனா இனிமே எது எழுதினாலும், எனக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு தடவ காட்டிடுங்க."

மில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அத்தைக்குக் கேட்டதா என்று பார்த்தாள். கேட்டிருந்தது. மாமியார் ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"தாராளமா காட்டு. இப்ப நீ கொஞ்சம் எழுந்துக்கறியாம்மா? பசங்க காத்துட்டு இருக்காங்க."