மறைத்த காய்ச்சல்

கடைசி வருடச் செய்முறைத் தேர்வன்று காலையில் செல்வலட்சுமிக்கு நல்ல காய்ச்சல். 2021 ஏப்ரல் மாதம். பாடமெல்லாம் செல்போனில்தான் நடந்துகொண்டிருந்தது. வேதியியல் செய்முறைக்கு மட்டும் அருப்புக்கோட்டைக் கல்லூரிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

பாளையம்பட்டியில் பஸ் ஏறிய வகுப்புத் தோழி அஸ்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை பட்டதுமே திடுக்கிட்டாள்.

"என்னடி இப்படிக் கொதிக்குது?"

"நேத்துலருந்தே இருக்கு. காலேஜ் வாசல்ல சூடு பாக்குற மிசினை வச்சுப் பாத்தா உள்ள விடமாட்டாகடி."

இருவருக்கும் எல்லாம் தெரியும். கொரோனா பற்றிக் கல்லூரி செல்போனில் அனுப்பிய கேள்விகளுக்குப் போன மாதம்தான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே தனித்திருப்பேன் என்றுதான் இருவரும் பதில் போட்டார்கள். ஆனால் இந்தத் தேர்வை விட்டால் அரியர் விழும். அரியர் விழுந்தால் செல்வலட்சுமிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

அஸ்மா பையைத் துழாவி ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்தாள். "போட்டுக்க. மூணு மணி நேரந்தானே."

வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஆய்வகத்தில் இருவரும் ஒரே மேசையில் நின்றார்கள். மூச்சு முட்டியதால் செல்வலட்சுமி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள்.

அவளுக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. அஸ்மாவுக்கு இருமலோடு போயிற்று. அஸ்மாவின் அத்தா சேக் முகம்மதுதான் மாட்டிக்கொண்டார். துபாயிலிருந்து லீவில் வந்தவர், சர்க்கரை நோயாளி. படுக்கை கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸிலேயே ஐந்து மணி நேரம் கிடந்தார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். கவச உடை போட்ட நான்கு பேர் அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி, அஸ்மாவின் அம்மா ரசூல் பீவிக்கு முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் செல்வலட்சுமி அவர்கள் வீட்டுக்குப் போனாள். ரசூல் பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நாந்தாம்மா அவுகளை அனுப்புனேன். நோன்புக் கஞ்சிக்குச் சாமான் வாங்கியாங்கன்னு சந்தைக்கு அனுப்பி வச்சேன். அந்தக் கூட்டத்துலதான் தொத்திருச்சு."

அஸ்மா கதவோரம் நின்று, சொல்லாதே என்பதுபோல் தலையசைத்தாள். செல்வலட்சுமியால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சந்தையில இல்லம்மா. பரீட்சை அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். மறைச்சுட்டு அஸ்மா பக்கத்துலயே இருந்தேன்."

மாத்திரையைப் பற்றி அவள் சொல்லவில்லை. அஸ்மாவே சொன்னாள்: "தெரிஞ்சுதாம்மா நான் மாத்திரை குடுத்தேன்."

ரசூல் பீவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படிச்ச பிள்ளைகதானே ரெண்டு பேரும்?"

பிறகு குரல் உடைந்தது. "இத்தனை நாளும், நானே அவுகளைக் கொன்னுட்டேன்னு கெடந்தேனே..."

அவர் வாய்விட்டு அழுதார். பிடிக்க வந்த மகளின் கையைத் தட்டிவிட்டார்.

தேர்வில் இருவரும் பாஸ். அதன் பிறகு செல்வலட்சுமி இரண்டு முறை அங்கே போனாள். ரசூல் பீவி தண்ணீர் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அஸ்மா உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை.