நீர்பிரி முகட்டின் எல்லைக்கல்

பனிப்படலம் விலகி இளவெயில் ஏறும் முற்பகலில், இலங்கையின் நமுனுகுல மலைமுடியில் நின்று நோக்குவோர்க்கு ஊவா நாடு விரித்த பாய்போல் கண்ணுக்குள் அடங்கும். வடபால் விழும் மழைத்துளி பதுளை ஆற்றில் கலக்கவும், தென்பால் விழுவது தென்கடல் நாடி ஓடவும், இயற்கை அம்மலையை இரண்டாக மட்டுமே பகுத்தது. அதனோடு அமையாத ஆட்சியாளரோ, மாகாணம் என்றும், கோறளை என்றும், ஊர் என்றும், தோட்டம் என்றும், தோட்டத்துக்குள் மேற்பிரிவு கீழ்ப்பிரிவு என்றும் கூறுபோட்டுக்கொண்டே போயினர். அறிவுடையீர், அக்கூறுகளுள் ஒன்றன் விளிம்பில் ஒரு தாய் நடுங்கி நின்ற கதை இது.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசித் திங்களில், அரசின் காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் எல்லை வகுக்க, நில அளவையாளர் வைரவநாதர் அம்முகட்டுக்கு வந்தார். நீர் தெற்கே வழியும் நிலம் தோட்டத்தது; வடக்கே வழிவது காடு. தோட்டத்தது என்றாகிவிட்டால் மறுநாளே தேயிலைக்குக் குழி வெட்டத் தோட்டத்துரை ஆள் நிறுத்தியிருந்தார். அதைக் கேட்டதும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெரியாயி அளவைக்குத் தண்ணீர் சுமக்கத் தானே முன்வந்தாள். மூன்று திங்களுக்கு முன் இறந்த தன் பெண்மகவை, வேலைசெய்கையில் கண்ணில் படட்டும் என்று, இடுகாட்டை விடுத்து இம்முகட்டில் அவளும் கணவனும் ஒருவரும் அறியாமல் புதைத்திருந்தனர். வெளியே சொன்னால் தோண்டி எடுக்கச் சொல்வார்களோ என்ற அச்சம் அவள் நாவைக் கட்டியது.

கருவிகொண்டு நோக்கியும் ஐயம் தீராத வைரவநாதர், முகட்டு நடுவே கோலை ஊன்றி, எப்பக்கம் வழிகிறது என்று காண அங்கே நீர் வார்க்கப் பணித்தார். வடக்கே சற்றுச் சாய்த்து வார்த்துவிடலாம் என்று வழியெல்லாம் எண்ணி வந்தவள், கோல் ஊன்றிய இடத்தைக் கண்டதும் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் மகவு கிடந்த மண்ணேதான். குடத்தைச் சாய்த்தாள், நீர் வடக்கும் செல்லாமல் தெற்கும் செல்லாமல் சற்றே தேங்கி, மண்ணுள் இறங்கிற்று. இரண்டாம் குடமும் அவ்வாறே மறைந்தது. யாரோ கிளறிய மண் இது என்று வைரவநாதர் சொல்ல, எல்லை காணக் குதிரையில் வந்திருந்த துரை தோண்டிப் பார்க்கும்படி ஆணையிட்டார். மண்வெட்டி உயர்ந்தது. பெரியாயி ஓடிச்சென்று அம்மண்மேல் குப்புற விழுந்தாள்.

“தோண்டாதீங்கய்யா. எம்புள்ள கெடக்கு உள்ள. ஒம்பது நாளுதான் இருந்துச்சு.”

ஓங்கிய மண்வெட்டி மெல்லத் தாழ்ந்தது. வைரவநாதர் அளவைச் சுவடியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், மண்ணில் கிடந்தவளை மட்டும் பார்க்க மாட்டாமல் முகம் திருப்பிக்கொண்டார். பின்னர்த் தம் ஆட்களிடம் சொன்னார்:

“தண்ணி ரெண்டு பக்கமும் போகாத இடந்தான் எல்லை. கல்லை இதிலயே நிறுத்துவம். கிண்ட வேண்டாம், சுத்தவரக் கல் அடுக்குங்கோ.”

அரசின் எல்லைக்கல்லை அசைப்பது சிறைக்குரிய குற்றம் என்பதைத் துரையும் அறிவார். முணுமுணுத்தபடி குதிரையைத் திருப்பினார். பெரியாயி எழுந்து, கல் ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எடுத்து அடுக்கினாள்.

பதுளைக் கச்சேரி என்னும் அரசு அலுவலகத்தில் அப்பகுதியின் நிலப்படம் இருந்தது. அதில் அக்கல் ஒரு கரும்புள்ளி. எல்லை வழக்காடிய பெருமக்கள் பலரும் அப்புள்ளியின்மேல் விரலை அழுத்தி, இது எமது, இது உமது என்று உரைத்தனர். அழுத்தியது ஒரு குழந்தையின் நெஞ்சின்மேல் என்பதை அவருள் ஒருவரும் அறிந்திலர்.