ஒன்பதாம் கட்டிலின் மணி

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரருக்கு ‘சரிசார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. யார் என்ன கேட்டாலும் சரி சொல்வார். அன்று மதியம் கம்ப்யூட்டரே ஒன்று கேட்டது. அதற்கும் சொன்னார்.

நோயாளிகள் கட்டிலோரப் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் அறையில் மணியடிக்கும். அதை நடத்தும் மெஷினுக்கு அப்டேட் போட்டார், பாதியில் நின்றது. புது நிரல் வர வேண்டுமானால் பழையது ஒன்று போக வேண்டும், அதை நம்பியிருக்கும் பதினாலு நிரல்களும் கூடவே போகும், நீக்கட்டுமா என்று பட்டியலை நீட்டியது. பட்டியலைப் படிக்க அந்த மகராசனுக்கு ஏது பொறுமை? தட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நர்ஸ் அறைப் பேச்சு காதில் விழுந்தது.

“என்னக்கா, இன்னிக்கு ஒரு மணிகூட அடிக்கல?”

“கண்ணு வைக்காதடி. சரிசாரோட மாமியாரே தூங்கிட்டாங்க போல!”

நேற்றுதான் ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் கட்டிலில் கிடக்கும் மாமியார் பகலில் கண்மூடியதே கிடையாது. தலையணை நகர்ந்தாலும் மணியடிப்பவர்.

பட்டியலைத் தேடிப் பார்த்தார். பன்னிரண்டாவது வரி, மணியை அடிக்கவைக்கும் நிரல். திரும்பப் போட்டால், பழையது இல்லாமல் வரமாட்டேன் என்றது மணி. புதுசு இருக்கும்வரை நுழையமாட்டேன் என்றது பழையது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதுவரை அங்கே யார் அழுத்திக்கொண்டிருக்கிறார்களோ!

எழுந்து ஓடினார். “அக்கா, மணி அடிக்காது. அழுத்தினாலும் அடிக்காது. நான்தான்... எடுத்துட்டேன்.”

“எப்போலேர்ந்து?”

“இருபது நிமிஷமா.”

தலைமை நர்ஸான அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஆளுக்கொரு பக்கம் ஓடுங்க!”

ஒன்பதில் போர்வை சிவந்திருந்தது. பொத்தானை இறுக்கிய கட்டைவிரல் வெளுத்திருந்தது.

“மாப்பிள்ளை... எத்தனை தடவைதான் அழுத்துறது?”

அக்கா தையல்மேல் பஞ்சை வைத்து அழுத்தினாள். “இங்க நிக்காதீங்க. போய் மணியைக் கொண்டாங்க.”

பழைய நிரல்களின் பிரதிகளை மெஷின் ஒரு மூலையில் சேர்த்துவைத்திருந்தது. புதுசைக் கழற்றி, பழசை மாட்டி, மணியை ஏற்றினார். மறுபடி பட்டியல். விரல் வைத்து, வாய்விட்டு, வரிவரியாகப் படித்துவிட்டே தட்டினார்.

மணி அலறியது. ஒன்பது.

கூப்பிடுவது மாமியாரா, ஆள் போதாமல் அக்காவா? கால் பின்ன ஓடினார்.

ரத்தம் நின்றிருந்தது. பொத்தான் மாமியார் கையில்.

“அடிக்குதான்னு பாத்தேன். என் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க, மாப்பிள்ளை.”

சரி என்று சொல்ல வாயெடுத்த சரிசார், அதற்குமுன் மாமியார் சொன்னதை வாய்க்குள் வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பார்த்தார்.