இருமல் இல்லை, டாக்டர்

மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. எப்போது தண்ணீர் குடித்தேன், எப்போது சிறுநீர் கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம். மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. இரண்டு வருடமாக இந்தக் கசிவு. வெட்கத்தில் வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடவில்லை. ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து இருபது வருடமாகியும் எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் தமிழில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். படித்துச் சொல்லும்போது வேண்டாததை விட்டுவிடலாம் என்று நினைப்பு.

என் வீட்டுக்காரர் ரத்தினவேல் விடுவாரா? எனக்குத் தலைவலி என்றாலும் எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் அவர்தான் சொல்வார். வயிற்று வலி என்று நான் சொன்ன பொய்யை நம்பிக் கூடவே வந்தவர், உள்ளே நுழைந்ததும் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"குடு புள்ள, நான் கன்னடத்துல சொல்றேன்."

முதல் வரியிலேயே அவர் மீசை துடித்தது. நான் எழுதியிருந்தது இதுதான்: 'காலை எட்டு மணி. இவர் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு யோகா செய்தார். சிரித்தேன். கசிந்தது.'

தொண்டையைச் செருமிக்கொண்டு, "எட்டு மணிக்கு இருமினாள், கசிந்தது" என்று கன்னடத்தில் சொன்னார்.

அடுத்தது, 'மத்தியானம். இவர் போனில் இங்கிலீஷ் பேசினார். அடக்க முடியவில்லை. சேலை மாற்றினேன்.' அதுவும் இருமலாகிவிட்டது. இப்படியே பதினோரு தடவை இருமினேன்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நெஞ்சுக்கு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று எழுத ஆரம்பித்தார். இவர் மானத்தைக் காப்பாற்ற நான் காசநோய்க்காரி ஆவதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கெம்மல்ல மேடம், நகு! இவர்ன நோடித்ரே நகு பருத்தே!"

இருமலில்லை, இவரைப் பார்த்தால் வரும் சிரிப்பு என்று நான் போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சிரித்தால், தும்மினால், இருமினால் கசிவது ஒரு வகை. பிரசவத்தில் இடுப்படித் தசை தளர்ந்தால் வரும். கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் அவசரம் முந்திக்கொள்வது இன்னொரு வகை. சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிவதும் உண்டு. புராஸ்டேட் வீங்கிய ஆண்கள் சிலருக்கு அப்படி ஆகும். சிலருக்கு இரண்டு வகை கலந்தே இருக்கும்.

"உங்களுக்கு முதல் வகை. அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். மூன்று மாதத்தில் நன்றாகக் குறையும். சிரிப்பை நிறுத்த வேண்டாம்."

வெளியே வந்தும் இவர் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. சீட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு வருசமா நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சுப் போயிருவ. எம்மேல வெறுப்பாயிருச்சுன்னு நெனச்சேன் நாச்சம்மா."

பாவம், இத்தனை நாளும் இதைச் சுமந்திருக்கிறார்.

"பாத்ரூமுக்கு ஓடுனனுங்க. அங்க நின்னு சிரிச்சேன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப இப்ப ஒண்ணு சொல்லட்டுமா?"

"மூணு மாசம் பொறுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பொறுத்தார். சாமுண்டிபுரம் சர்க்கிள் வரைக்கும். அங்கே சிக்னலில் திரும்பி என் காதில் ஏதோ சொன்னார். சேலை நனைந்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பச்சை விழுந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.