ஓட்டம் தொடங்க ஒரு சத்தம்

வசீகரன் இத்தாலியில் வேட்டைத் துப்பாக்கி செய்யும் ஒரு சிறிய பட்டறையில் பல வருடம் வேலை செய்தவன். மலையடிவாரத்தில் அண்ணன் தம்பி இருவர் நடத்திய பட்டறை அது. கடைசி மேசை அவனுடையது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பான். துப்பாக்கியைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பான். மனம் ஒப்பினால்தான் தன் முத்திரையைக் குத்துவான். ஒப்பாததை முதலாளியே கேட்டாலும் விடமாட்டான். தன் ஊரான வேலணைக்குப் போன் எடுக்கும்போது மட்டும் "இரும்பு வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். துப்பாக்கியை ஊரில் துவக்கு என்பார்கள்; போர் பார்த்த இந்த ஊரில் அந்தச் சொல்லை யாரும் சும்மா கேட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

போன வருடம் மனைவி துஷாந்தினியோடு ஊருக்குத் திரும்பி, வீட்டு வளவில் இரும்பு கடையும் லேத் மெசின் ஒன்று போட்டான். வள்ளத்து எஞ்சினும் தண்ணீர்ப் பம்பும் திருத்தினான்.

ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை கஜனி ஸ்கூட்டரில் வந்து ஒரு பெட்டியை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இது ஓட்டம் தொடங்கி வைக்கிற துவக்கு. குண்டு போகாது, சத்தம் மட்டுந்தான். பொலிசிலை அனுமதியும் இருக்கு. போனமுறை எத்தினை தரம் இழுத்தும் வெடிக்கேல்லை. பிள்ளையள் குனிஞ்சு நிண்டே களைச்சுப்போச்சுதுகள். வெள்ளிக்கிழமை போட்டி. ஒருக்காத் திருத்தித் தாங்கோ."

வசீகரன் அதை வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினான். குழலின் பளபளப்புக்கு அடியில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது.

"ரீச்சர், இதைத் திருத்த ஏலாது. வெடிச்சிருந்தால் கையிலையே சிதறினாலும் சிதறியிருக்கும். வெடிக்காமல் விட்டது நல்லதாப் போச்சு."

"ஒரு நாளைக்குத் தாங்காதோ?"

"தாங்கும் எண்டுதான் நினைக்கிறன். ஆனால் பிடிச்சிருக்கிறது உங்கடை கை. நினைக்கிறது மட்டும் காணாது."

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அவன் வாசலில் நின்ற துஷாந்தினியைப் பார்த்தான். சொல்லுங்கோ என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள்.

"நான் அங்கை துவக்குப் பட்டறையிலைதான் நிண்டனான். பிழையானதை வெளியிலை விடாமல் பாக்கிறதுதான் என்ரை வேலை."

கஜனி பெட்டியை மூடினாள். பிறகு, "அப்ப நீங்களே ஒண்டு செய்து தாங்கோவன்" என்றாள்.

வசீகரன் சிரித்துவிட்டான். "செய்தால் பொலிஸ் என்னைத்தான் முதலிலை பிடிக்கும். உங்களுக்குச் சத்தந்தானே வேணும்? வியாழக்கிழமை வாங்கோ. இதைப் பொலிசிலையே குடுத்துவிடுங்கோ."

அன்றே அவன் இரண்டு பலகைகளைப் பிணைச்சல் போட்டு இணைத்தான். விரித்து ஓங்கி மூடினால் 'டப்' என்று அடிக்கும். சத்தம் எட்டுகிறதா என்று பார்க்கத் துஷாந்தினி ஒழுங்கையின் மறுமுனையில் போய் நின்றாள்.

"கேக்கேல்லை! காத்து கொண்டு போகுது!"

அடுத்துப் பெரிய பலகையில் செய்தது நன்றாகக் கேட்டது. அயல்வீட்டு ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. ஆனால் அவன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததில் பலகை பிளந்துவிட்டது.

"பலகைத் துண்டுக்கு ஏனப்பா இந்தப் பாடு?"

"சத்தம் பிசகினால் ஓடுற பிள்ளைக்கு அந்த ஓட்டம் திரும்பி வராது" என்று சொல்லிவிட்டு, வைரம் பாய்ந்த முதிரைப் பலகை தேடிப் போனான்.

அது பிளக்கவில்லை. எல்லைக்கோட்டில் நேரம் எடுப்பவர்கள் பலகை மூடுவதைத் தூரத்திலிருந்தே பார்க்கட்டும் என்று ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் கறுப்பும் அடித்தான். பின்னால், பிணைச்சலுக்குக் கீழே தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தினான்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் பள்ளிக்கூட அதிபர் சத்தியபாமா பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். துவக்கு வெடிக்கும்போதெல்லாம் அவர் ஏதாவது சாட்டுச் சொல்லி அலுவலகத்துக்குள் போய்விடுவார் என்று கஜனி வசீகரனிடம் மெல்லச் சொன்னாள்.

"நான் அடிக்கலாமோ?" என்று அதிபர் கேட்டார்.

"ஓம் மிஸ். ஓங்கி மூடுங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றான் வசீகரன்.

அதிபர் கைகளை உயர்த்தினார். பலகை அடித்த சத்தம் மைதானம் முழுவதும் கேட்டது. பிள்ளைகள் ஒன்றாகப் பாய்ந்தார்கள். கூடாரத்திலிருந்த வயதானவர்களில் ஒருவரும் திடுக்கிடவில்லை. அடுத்த ஓட்டத்துக்கும் அதற்கடுத்ததற்கும் பலகையை யாரிடமும் கொடுக்காமல் அதிபரே நின்றார். வசீகரன் ஒவ்வொரு அடிக்கும் காது கொடுத்தான். ஒன்றும் பிசகவில்லை. பட்டறையை விட்டு வந்த பிறகு அவன் மனம் இவ்வளவு நிறைந்து இருந்ததில்லை.

மத்தியானம் நயினாதீவிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர் அவனிடம் வந்தார். "எங்களுக்கும் ஒண்டு செய்து தருவீங்களோ?"

துஷாந்தினிதான் பதில் சொன்னாள். "தருவார். ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. ஒண்டைப் பிளந்துபோட்டுத்தான் மற்றதைத் தருவார்."

ஒலிபெருக்கியில் பழைய மாணவியர் ஓட்டத்துக்கு அழைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த துஷாந்தினி செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். நாலு பேர் ஓடியதில் மூன்றாவதாக வந்து, வெற்றி பெற்றவளைப்போல இரண்டு கையையும் தூக்கினாள். செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வசீகரன் கைதட்டினான்.