ஓலை வாசிக்கும் முன்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில், டொரத்தியின் வீட்டுக் கதவைத் தட்டாமல் ஐந்து நிமிடம் நின்றாள் பெர்னிஸ். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் மகள் பிரெண்டாவுக்கும் டொரத்தியின் மகன் மார்வினுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று சபையாரிடம் கேட்கப்போகிறார்கள். பெண் கொடுக்கும் வீட்டில் ஒன்றை மறைத்துவிட்டு பீடத்துக்கு எதிரே எப்படி உட்காருவது? கிள்ளானில் ரயில் ஏறும்போது, எதற்குப் போகிறோம் என்று கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும், தேத்தண்ணி கலக்க எழுந்த டொரத்தியைத் தடுத்தாள். "அப்புறம் குடிக்கலாம்க்கா. மொதல்ல நான் சொல்றத கேளுங்க."

சொன்னாள். கணவர் திமோத்திக்கு அப்போது ஜப்பானில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலையில் விபத்து நடந்தபோது அவர்கள் குடியிருந்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பிரெண்டாவுக்குப் பத்து வயது. கதிர்வீச்சுக்குப் பயந்து ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி ஐந்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். தண்ணீர் தீர்ந்த அன்று வரிசையில் நிற்கப் பிள்ளையையும் கூட்டிப்போனாள்; தனியே விட்டுப்போகப் பயம். வெட்டவெளியில் அந்த இரண்டு மணி நேரம். பதினைந்து வருடமாக அவள் மனம் அந்த வரிசையை விட்டு நகரவில்லை. ஊர் திரும்பிய பின் வருடா வருடம் பிள்ளையின் கழுத்துக்கு ஸ்கேன். நாலு வருடம் முன்பு தைராய்டில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. எத்தனையோ பேருக்கு இருப்பதுதான், பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்றார் டாக்டர். "அதால வந்ததில்லன்னு சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டதற்கு மட்டும் அவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அந்த ஊரில் இருந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஜப்பானிலேயே அந்தப் பக்கத்துப் பெண்களைக் கட்டத் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

டொரத்தி நாற்காலியைப் பெர்னிஸுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பொறக்கப்போற பிள்ளைங்களுக்கு?"

"ஒண்ணும் வராதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. நீங்களே வந்து கேக்கலாம்க்கா."

"மார்வினுக்கு தெரியுமா?"

"தெரியாது."

டொரத்தி போனை ஸ்பீக்கரில் போட்டு மகனை அழைத்தாள். "பிரெண்டா சின்ன வயசுல ஜப்பான்ல எங்க இருந்தான்னு ஒனக்கு தெரியுமாடா?"

மார்வினின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "தெரியும்மா. பழகின மொத மாசமே சொல்லிட்டா. போன ஸ்கேனுக்கு நான்தான் கார்ல கூட்டிட்டு போனேன். ஏன், இப்ப என்னா?"

அன்றைக்கு ஆபீஸ் தோழியோடு போனதாக அல்லவா மகள் சொல்லியிருந்தாள்! பெர்னிஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது.

டொரத்தி அவள் கையைப் பிடிக்கவில்லை. எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு பயமாத்தான் இருக்கு பெர்னிஸ். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். அடுத்த ஸ்கேன் எப்ப?"

"இந்த வியாழக்கெழம."

"ஓலைய நிறுத்த வேணாம். நானும் வரேன் லா."

வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்க ஆறு கேள்விகளைக் கோயிலில் கொடுத்த அறிவிப்புத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள் டொரத்தி. ஸ்கேன் அறையிலிருந்து பிரெண்டா கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். டாக்டர் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது.

"இங்க வா" என்றாள் டொரத்தி. காதுக்குக் கீழே பளபளத்துக்கொண்டிருந்த ஜெல்லைத் தன் கைக்குட்டையால் மெல்ல ஒற்றி எடுத்தாள். கூச்சம் தாங்காமல் சிரித்தபடி, பிரெண்டா கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.