ஆற்று மணலில் தேன்பெட்டிகள்

ஜீப்பின் பின்சக்கரங்கள் அச்சுவரை மணலுக்குள் போனதும் கணவர் இன்ஜினை அணைத்தார். வறண்ட ஆற்றின் நட்டநடுவில் நின்றிருந்தார்கள். பின்னால் அடுக்கிக் கட்டியிருந்த தேன்பெட்டிகளுக்குள் தேனீக்கள் ஒரே இரைச்சலாக இரைந்தன.

“இந்த ஜீப் மணல்ல பறக்கும்னு சொன்னீங்களே?” என்றாள் மனைவி.

“பறந்துச்சே. மணலு மட்டும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரையில் சூரியகாந்தித் தோட்டம் பூத்து நின்றது. எப்போதும் பெரிய ஆட்களின் பெட்டிகளுக்கே இடம் கொடுக்கும் தோட்டக்காரர், இந்த முறைதான் அவளைக் கூப்பிட்டிருந்தார். பெட்டிகளின் வாசலை வலை வைத்து அடைத்திருந்தாள். வெயில் ஏறினால் உள்ளே மெழுகு உருகும், தேனீக்கள் புழுங்கிச் சாகும். இங்கேயே திறந்துவிட்டால், வெளியே போனவை திரும்பும்போது பெட்டி இருக்காது.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மெக்கானிக். பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் ‘அவசரம்’. அக்கரையிலிருந்து தன் ஜீப்பில் பறந்து வந்து, கெட்டியான சரளைமேல் நிறுத்தி, இழுவை பெல்ட்டோடு குதித்தான்.

“மாப்ள, பம்பர்ல மாட்டிடவா?” என்றார் கணவர்.

“பம்பர் மட்டும் தனியா வந்து என் முதுகுல உக்காரும் மாமா. அடியில சேஸிஸ்ல கொக்கி இருக்கு பாருங்க, அதுல மாட்டணும். அப்புறம் பாருங்க, ஒரு வேகம் எடுத்து ஒரே சுண்டு!”

“சுண்டுவியா?” அக்கா மண்வெட்டியோடு நிமிர்ந்தாள். “இது நீளுற பெல்ட் இல்ல. அறுந்தா சாட்டை மாதிரி வீசும். அறுந்துபோகாட்டியும் பெட்டி சரியும். அப்ப எந்தப் பக்கம் ஓடுறதுன்னு இப்பவே சொல்லிடு.”

தம்பி பெட்டிகளைப் பார்த்தான். மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

சக்கரங்களுக்கு முன்னாலும் வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் மணலை அள்ளினார்கள். பெல்ட்டில் கிழிசல் இருக்கிறதா என்று அவள் முழுநீளமும் தடவிப் பார்த்தாள். தம்பியின் ஜீப்பை நேர்கோட்டில் நிறுத்தி மாட்டியபின், ஒரு சாக்கைக் கேன் தண்ணீரில் நனைத்து பெல்ட்டின் நடுவில் போட்டாள். அறுந்தாலும் அந்தக் கனம் அதைத் தரையோடு அமுக்கும்.

ஸ்டியரிங்கில் அவளே உட்கார்ந்தாள்.

“நான்?” என்றார் கணவர்.

“தூரமா, அந்தப் பாறை ஓரமா நின்னு கையக் காட்டுங்க. கிட்ட வந்தீங்க, கெட்ட கோவம் வரும்.”

கை அசைந்தது. பெல்ட் மெல்ல விறைத்தது. ஜீப் ஒரு முழம் நகர்ந்து, மறுபடி மணலில் புதைந்தது. பெட்டிகளுக்குள் இரைச்சல் ஏறியது.

“அக்கா, ஒரே ஒரு சுண்டு!”

“கூடாது! பெல்ட்டத் தளர்த்து!”

வெயில் பிடரியில் சுட்டது. பெட்டிகள்மேல் தண்ணீர் தெளித்தாள். நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினாள். டயர்கள் மணலில் அகலமாகப் படிந்தன. மறுபடி மணல் அள்ளி, மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

இந்த முறை தம்பி ஜீப்பை நடத்திக்கொண்டு போவதுபோல எடுத்தான். பெல்ட் விறைத்தது. அவள் கால் நுனியால் ஆக்சிலேட்டரைத் தொட்டாள். மணல் முனகியது. முன்சக்கரங்கள் சரளையைக் கவ்வின. ஜீப் நிதானமாக, ஒரு குலுக்கலும் இல்லாமல், கரையேறியது.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!” கணவர் பாறையருகே குதித்தார், ஒரு செருப்பு எங்கோ பறந்தது. ஒரு பெட்டிகூட இம்மியும் நகரவில்லை. தம்பி ஹாரனை அழுத்தியபடியே இருந்தான்.

இரண்டு வண்டிகளும் நின்று, கைபிரேக் போட்ட பிறகுதான் பெல்ட்டைக் கழற்றவிட்டாள். டயருக்குக் காற்றடித்துத் தோட்டத்துக்குப் போனபோது தோட்டக்காரர் வேலியருகே காத்திருந்தார்.

“வர மாட்டியோன்னு நினைச்சேன்மா.”

“நல்லா நினைச்சீங்க போங்க,” என்று சிரித்துக்கொண்டே முதல் பெட்டியின் வலையை உருவினாள். தேனீக்கள் பொலபொலவென்று வெளியே கொட்டி, ஒரு வட்டம் அடித்து, அந்த மஞ்சள் வெளிக்குள் பாய்ந்தன. அவள் அடுத்த பெட்டிக்கு ஓடினாள்.